'டோக்கியோ ஸ்டோரி' பார்த்துச் சலித்துப்போனவருக்கு

காரைக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், உலகின் சிறந்த படங்கள் என்று போடும் பட்டியல்களிலெல்லாம் முன்வரிசையில் வருகிறதே என்று ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை வீட்டு டிவியில் போட்டிருக்கிறார். அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை இப்படித்தான் சொல்வோம்) அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். ஆத்தாவுக்கு நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கதை சொல்ல வேண்டியிருந்தது. "பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள், அவ்வளவுதானே? நம் ஆட்கள் இதைவிட நன்றாக எடுத்திருக்கிறார்கள். இரண்டே கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு ரசனை போதவில்லையா, இல்லை புகழ்கிறவர்கள் நடிக்கிறார்களா?" என்பது கேள்வி.

இரண்டில் ஒன்றைச் சொல் என்பதுபோல் இருந்தாலும், இதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. "அங்கே ஏதாவது இருந்து நான் பார்க்காமல் விட்டேனா?" என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல முடியும். உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டுமா என்பதற்கு முடியாது. அது உங்கள் பாடு.

நான் சென்னையில் பல வருடம் எடிட்டிங் உதவியாளராக இருந்தவன். இப்போது காரைக்குடியில் சிலரைச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுப் படங்களைத் திரையிட்டுப் பேசுகிறோம். இந்தப் படத்தை அங்கேயும் போட்டிருக்கிறேன், பாதியில் எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது; சப்டைட்டில் வழியாகத்தான் நானும் பார்க்கிறேன். அதனால் வசனத்தின் நயம் பற்றி வாய் திறக்க மாட்டேன். ஷாட், கட், கதை அடுக்கப்பட்ட விதம், இவற்றைப் பற்றிக் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும்.

முதலில் அந்தப் பட்டியல். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்புதான் இதில் பிரபலம். 2012இல் விமர்சகர்கள் வாக்கில் 'டோக்கியோ ஸ்டோரி' மூன்றாம் இடம், இயக்குநர்கள் வாக்கில் முதலிடம். 2022இல் விமர்சகர்களிடம் நான்காம் இடம். ஆனால் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரைக் கொடுப்பார்கள், எந்தப் படம் அதிகம் பேரின் பத்தில் வருகிறதோ அது மேலே போகும். 2012இல் வாக்களித்த விமர்சகர்கள் 846 பேர். அதில் இந்தப் படத்தை எழுதியவர்கள் 107 பேர். சுமாராக எட்டுப் பேருக்கு ஒருவர். மீதி ஏழு பேரும் படத்தை வெறுக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் 'உலகமே ஒத்துக்கொண்ட படம், நமக்கு மட்டும் எட்டவில்லை' என்ற பயத்துக்கும் இடமில்லை. புகழ்கிறவர்கள் நடிக்கிறார்களா என்றால், சிலர் நடிப்பார்கள், எல்லாத் துறையிலும் அது உண்டு. 107 பேரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தவிர, இந்தப் படத்துக்கு அந்தப் புகழ் உடனே வந்துவிடவில்லை. படம் வெளிவந்தது 1953இல். ஓசுவின் படங்கள் ஜப்பானியத் தன்மை மிகுந்தவை, வெளிநாட்டாருக்குப் புரியாது என்று அங்கேயே நினைத்தார்கள். 1958இல்தான் லண்டனில் ஒரு பரிசு கிடைத்தது. நியூயார்க்கில் முறையாக வெளியானது 1972இல். ஓசு இறந்தது 1963இல்.

சரி, படத்துக்கு வருவோம். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்கிறீர்கள். நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் மருத்துவர், மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நொரிகோ மட்டும் வேலைக்கு லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் பணம் போட்டுப் பெற்றோரை அதாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே இரைச்சலில் தூங்க முடியாமல் சீக்கிரமே திரும்பி வருகிறார்கள். வந்தால் மகள் வீட்டில் அன்றிரவு தங்க இடமில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் தாய்க்கு உடம்பு முடியாமல் போகிறது, பிறகு இறக்கிறாள். பிள்ளைகள் வருகிறார்கள், காரியம் முடிந்ததும் போகிறார்கள். ஒரு மரணம், ஒரு வீட்டின் கதையே மாறுவது, இவ்வளவும் நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியதே, அதற்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்தது சரியான இடம்தான்.

பெரிய சம்பவங்களை ஓசு காட்டுவதில்லை. ஒனோமிச்சியில் பெட்டி கட்டுகிறார்கள், அடுத்து டோக்கியோ. நடுவில் ரயில் பயணமே கிடையாது. தாய்க்கு வழியில் உடம்பு முடியாமல் போனதை, ரயில்வேயில் வேலை பார்க்கும் இன்னொரு மகன் ஒசாகாவில் சக ஊழியரிடம் பேசும்போதுதான் நாம் தெரிந்துகொள்கிறோம். நம் படத்தில் இது இடைவேளைக் காட்சி. பிளாட்பாரத்தில் தாய் சரிவாள், மகன் ஓடிவருவான், ரீரெக்கார்டிங்கில் வயலின் ஏறும். அதைக் குறை சொல்லவில்லை. நான் சோறு தின்றதே அப்படிப்பட்ட ரீல்களை வெட்டி ஒட்டித்தான். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவி.எம். படமெடுத்த ஊர்க்காரர்கள் நாம். 'இப்போது பார்' என்று படமே சொல்லும், நாம் பார்ப்போம் என்பது நம் கண்ணுக்கும் காதுக்கும் பழகிய ஒப்பந்தம். ஓசு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. முக்கியமான செய்தியையும் பலகாரம் பற்றிய பேச்சையும் ஒரே சத்தத்தில் வைக்கிறார்.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். படம் உங்களிடம் இன்னும் இருந்தால் அவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். முதலாவது அதாமியில், தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் காலை. இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊருக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. குனிந்து நிற்கிறாள். என்ன என்று அவர் கேட்க, ஒன்றுமில்லை, தூங்காததால் இருக்கும் என்கிற மாதிரிப் பதில். நடக்கிறார்கள். க்ளோசப் இல்லை, இசை எதையும் தூக்கிக் காட்டவில்லை. படத்தின் மரணம் தொடங்குவது அங்கேதான். அந்த நொடியில் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தால், கடைசியில் தாய் இறப்பது திடீரென்று ஒட்டவைத்தது போலத்தான் தெரியும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தங்க இடமில்லாத அந்த இரவில் அம்மா நொரிகோவின் சின்ன அறைக்குப் போகிறாள். அப்பா பழைய ஊர்க்காரர்களைத் தேடிப்போய்க் குடிக்கிறார். அந்தக் குடிப் பேச்சு தனியாக ஒரு படம். ஒருவர் போரில் மகன்களைப் பறிகொடுத்தவர். இன்னொருவர் உயிரோடிருக்கும் மகனால் ஏமாந்தவர். நள்ளிரவில் அப்பா தள்ளாடிக்கொண்டு, கூட ஒரு குடிகார நண்பரையும் இழுத்துக்கொண்டு, மகள் வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஷிகே எரிந்து விழுகிறாள். சே, என்ன மகள் என்று நாம் நினைக்கும்போது, புருஷனிடம் அவள் போகிறபோக்கில் சொல்கிறாள்: அப்பா முன்பெல்லாம் இப்படித்தான் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் படுத்துவார், கடைசித் தங்கை பிறந்த பிறகுதான் நிறுத்தினார் என்று. அவ்வளவுதான், பேச்சு மாறிவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரி போதும், அதுவரை பார்த்த படம் வேறாகிவிடுகிறது. சாந்தமே உருவாக உட்கார்ந்திருக்கும் இந்தக் கிழவர், மகளின் சிறுவயதில் வேறொரு ஆள். அவளுடைய கடுகடுப்புக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. படம் அதைத் திரும்ப எடுத்துப் பேசுவதில்லை.

'கவனிக்காத பிள்ளைகள்' என்று நீங்கள் கதையைச் சுருக்கியதில் எனக்கு உள்ள தகராறு இங்கேதான். அப்படிச் சுருக்கினால் படம் சலிக்கத்தான் செய்யும். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்ல இருபது நிமிடம் போதுமே, எதற்கு 136 நிமிடம்? மருத்துவர் மகன் ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறான், ஆனால் உண்மையிலேயே ஒரு நோயாளி அழைத்திருக்கிறார். ஷிகே கஞ்சப் பிசினாறிதான். புருஷன் மாமனார் மாமியாருக்கு நல்ல பலகாரம் வாங்கிவந்தால் இவ்வளவு விலைக்கு எதற்கு என்கிறாள், கடைக்கு வந்தவர் கேட்டால் பெற்றோரை யாரோ ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிடுகிறாள், அம்மாவின் காரியம் முடிந்த கையோடு இன்ன புடவை எனக்கு என்பதுபோல் உடுப்புகளைக் கேட்கிறாள். அதே ஷிகேதான் அம்மா பிழைக்க மாட்டாள் என்று தெரிந்ததும் உடைந்து அழுகிறாள். அந்த அழுகை பொய்யில்லை. பெற்றோரும் ஊருக்குத் திரும்பும் முன் தங்களுக்குள் பேசி, நம் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பரவாயில்லை, நாம் கொடுத்துவைத்தவர்கள் என்று முடிவுக்கு வருகிறார்கள். சமாதானமா, உண்மையா, இரண்டும் கலந்ததா? எனக்கு ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி கேட்கிறது. நல்லவள் என்று நாம் தலையில் தூக்கிவைக்கும் நொரிகோகூடக் கடைசியில், நான் நீங்கள் நினைக்கிற அளவு நல்லவள் இல்லை, இறந்த கணவரை நினைக்காத நாட்களும் உண்டு என்கிறாள்.

எடிட்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஸ்லோ' என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். இந்தப் படத்தில் ஷாட்கள் நீளமானவை இல்லை. சராசரி ஒரு ஷாட் பத்து விநாடி அளவில்தான் வரும். நிமிடக்கணக்கில் வெட்டாமல் ஓடும் படங்களோடு ஒப்பிட்டால் இதில் கட் நிறைய. வேகம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் கட் விழும் இடம். பேசுகிறவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகிறது. வசனம் ஓடும்போது கேட்பவர் முகத்துக்குத் தாவும் ரியாக்ஷன் ஷாட் மிகக் குறைவு. எங்களுக்குத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுத்ததே, வசனத்தின் வாலை வெட்டி அடுத்தவர் முகத்தில் போடு, சூடு ஏறும் என்பது. ஓசு வாலை வெட்டுவதில்லை. பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட நம்மைப் பார்த்தே பேசுவதுபோல் வைக்கிறார். ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சியாக மாறும் டிஸால்வ் கிடையாது. கேமரா நகர்வது மிக மிக அரிது. அப்படி நகரும் ஒரு இடம் டோக்கியோவின் உவேனோ பூங்காப் பக்கம். ஒரு சுவரோரமாக மெதுவாகப் போய், அன்றைக்குத் தங்க இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இருவரிடம் நிற்கும். கடைசியில் நாம் வீடற்றவர்களாகிவிட்டோம் என்று கிழவர் சொல்லும் நாள் அது. அதுவரை அசையாத கேமரா அங்கே அசைவது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

கேமரா ஏன் தரையோடு தாழ்ந்து இருக்கிறது என்பதற்கு, பாயில் உட்கார்ந்தவரின் கண் உயரம் என்று எல்லாப் புத்தகத்திலும் பதில் இருக்கும். பெரும்பாலும் அதைவிடவும் தாழ்வாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை தெரியுமே, அதுபோல் ஓசுவின் அறைகளும் கதவுச் சட்டங்களுக்குள் கதவுச் சட்டங்களாகப் போகும். யாராவது எங்கோ பின்னால் குறுக்கே நடப்பார்கள். செல்போனில் பார்த்தால் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

இதுவரை சொன்னவை படத்தில் இருப்பவை. யார் வேண்டுமானாலும் ஓட்டிச் சரிபார்க்கலாம். இனி வருவது சந்தேகத்துக்குரியது. காட்சிகளுக்கு நடுவே வருகிற வெறும் ஷாட்கள், அதாவது புகைபோக்கி, கொடியில் காயும் துணி, படகு, இவற்றுக்கு என்ன பொருள்? பால் ஷ்ரேடர் என்ற அமெரிக்கர் 1972இல் ஓசுவின் படங்களில் ஜென் ஆன்மிகம் இருக்கிறது என்று எழுதினார். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. இது ஒரு கலைஞரின் வடிவ விளையாட்டு, கிழக்கு நாட்டு ஞானம் என்று எல்லாவற்றையும் பூச வேண்டாம் என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. அந்தப் புகைபோக்கிகளுக்குத் தத்துவம் சொல்லாமலேயே அவை ஒரு வேலை செய்கின்றன. முந்தைய காட்சியின் பேச்சு காதில் தங்க இரண்டு மூச்சு இடம் தருகின்றன. அதற்கு மேல் யாராவது விளக்கினால் கேளுங்கள், நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 'வயதானால் இந்தப் படம் புரியும்' என்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். எங்கள் திரையிடல்களில் கல்லூரிப் பிள்ளைகள் கண் கலங்கியதும் உண்டு, எழுபது வயதுக்காரர் கொட்டாவி விட்டதும் உண்டு. இவ்வளவுக்கும் அந்தக் கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான்.

செட்டிநாட்டில் இந்தப் படம் சட்டென்று ஒட்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பர்மா, மலேயா, சிலோன் என்று போய், இப்போது சிங்கப்பூர், அமெரிக்கா என்று போகிற ஊர். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், அல்லது பூட்டு தொங்கும். மணமான மகனை வேறு வைக்கிற வழக்கமும் நகரத்தாரிடம் உண்டு. ஒரே வீடு, ஆனால் தனி அடுப்பு, தனிப் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். பெற்ற பிள்ளையின் குடித்தனத்தில் தான் விருந்தாளி என்பது இங்கே புதுச் செய்தியில்லை. ஆனால் நான் பார்த்தவரை, இந்த நெருக்கமே குறுக்கே வந்து நிற்கிறது. தெரிந்த கதை என்றதும் நீதி என்ன என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். அதிலும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன், அப்பச்சியையும் ஆத்தாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது சுலபமான காரியமில்லை. படத்தைவிட வீட்டுக்குள் இருந்த சங்கடம் பெரிதாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பார்த்த விதமும் கொஞ்சம் காரணம். ஆங்கில சப்டைட்டிலைப் படித்து, நிறுத்தி, தமிழில் சொல்லி, மறுபடி ஓட்டினால் எந்தப் படமும் நொண்டும். பேச்சுக்கும் மௌனத்துக்கும் உள்ள அளவையே நம்பி எடுத்த படம் இரண்டு மடங்கு நொண்டும். உங்கள் அப்பச்சி தூங்கியதற்கு ஓசுவைப் பொறுப்பாக்க முடியாது.

இதற்கெல்லாம் பிறகும், பார்த்தேன், கடலோரச் சுவரையும் கவனித்தேன், எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அது முழுமையான பதில்தான். மெதுவாக இருப்பதாலேயே ஒரு படம் ஆழமாகிவிடாது. மெதுவாக மட்டுமே இருக்கும் விருதுப் படங்கள் ஏராளம். அவற்றில் சிலவற்றை நானே தூங்கி வழிந்துகொண்டு பார்த்திருக்கிறேன். இந்தப் படத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு: நொரிகோவின் அந்த மாறாத புன்னகை, முதல் பாதியில், கொஞ்சம் அதிகம். கடைசிக் காட்சிக்காகத்தான் அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அந்தக் குறை எனக்கு முழுதாகப் போகவில்லை.

உடனே மறுபடி பார்க்க வேண்டாம். இதே ஓசு 1959இல் எடுத்த 'குட் மார்னிங்' என்ற படத்தை முதலில் பாருங்கள். கலர் படம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வீட்டுக்கு டிவி வாங்கித் தர மாட்டேன் என்றதற்காக இரண்டு பையன்கள் பெரியவர்களோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் கதை. குசு விடும் நகைச்சுவை நிறைய. அப்பச்சி விழித்திருப்பார். தாழ்ந்த கேமரா, நம்மைப் பார்த்துப் பேசும் முகங்கள், கதவுக்குள் கதவு எல்லாம் அதிலும் இருக்கின்றன, ஆனால் சிரித்துக்கொண்டே பழகிவிடலாம். ஷிகேயாக நடித்த ஹருகோ சுகிமுராவும் அதில் இருக்கிறார், அக்கம்பக்கத்தில் வம்பு வளர்க்கும் வீட்டுக்காரியாக. அதுவும் பிடிக்கவில்லையென்றால் ஓசுவை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போகலாம். பிடித்திருந்தால், சில மாதம் கழித்து, தனியாக, நிறுத்தாமல், 'டோக்கியோ ஸ்டோரி'யில் அந்தக் குடி இரவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் கிடையாது, கதைதான் உங்களுக்குத் தெரியுமே.